வெளிச்சம் வராத சூடு

பல்பு போய்விட்டது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து அலமாரியின் கீழ்க்கதவைத் திறந்தால் உள்ளே வழக்கமான சிவப்பு இல்லை. வெறும் இருட்டு, இருட்டுக்குள் காய்ந்த புல் வாசனை, அந்த வாசனைக்குள் எங்கோ தாசில்தார். தாசில்தார் என்பது ஆமை. தாமதமாகவே நடப்பதாலும் யார் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்காததாலும் செண்பகவல்லியின் புருஷன் வேல்ச்சாமி வைத்த பெயர். சிரிப்புக்கு வைத்ததுதான், பிறகு அதுவே வசதியாகப் போய்விட்டது, டீ ஃபேக்டரியிலிருந்து போன் போட்டு “தாசில்தார் சாப்பிட்டாரா” என்று அவன் கேட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. விளங்கக்கூடாது. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரிகிற இந்த ஜாதி ஆமையை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில் என்று பேப்பரில் வந்ததை வேல்ச்சாமி சத்தமாக வாசித்துக் காட்டிய அன்று, செண்பகவல்லி எழுந்துபோய் முதலில் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம்தான் மீதியை வாசிக்கச் சொன்னாள். சாத்திய ஜன்னல் அதன்பிறகு திறக்கவே இல்லை. அதுவும் எந்த ஊரில், எந்த வீட்டில்? குன்னூரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில், ஒரே ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் வனத்துறை ஜீப் ஓட்டுகிற ரங்கராஜ் குடியிருக்க. சாயங்காலமானால் பச்சை ஜீப் வாசலில் வந்து உறுமி நிற்கும். அந்த உறுமலுக்கு அவள் இன்றுவரை பழகவில்லை. சூடு தருகிற அந்தக் குண்டு பல்பு இப்போது கடையில் கிடைப்பதில்லை, இருட்டுவதற்குள் வேறெதையாவது மாட்டியாக வேண்டும். ராத்திரி இந்த ஊர்க் குளிர் மனுஷருக்கே எலும்பில் ஏறுகிறது, கோவில்பட்டிக் கரிசலில் வெந்து வளர்ந்த ஆமைக்குக் கேட்க வேண்டாம். மேஜைமேல் இரண்டு அட்டைப்பெட்டி. போன வாரம் மேட்டுப்பாளையத்தில் வாங்கி வந்து, பிரிக்கத் தைரியமில்லாமல் பேப்பர் சுற்றி வைத்திருந்தவை. ஒன்றில் கறுப்பாக, வெங்காயம் மாதிரி ஒரு பீங்கான் உருண்டை, அது சூடு தரும், வெளிச்சம் தராது. இன்னொன்றில் வெள்ளை விளக்கு, அது வெயிலுக்கு மாற்று. ஒன்றைப் போட்டால் தீ. இன்னொன்றைப் போட்டால் ஊர். இதில் எது பத்திரம் என்று யாரைப் போய்க் கேட்பது?

பத்திரமான விளக்கு என்றால் சிவப்பு விளக்கு என்பது அவள் கையோடு ஊறிப்போன பாடம். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுகிற இருட்டறையில்தான் வேலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். அந்த வெளிச்சம் ஃபிலிமுக்குத் தெரியாது. கழுவி முடிக்கிற நேரம்வரை அதனால் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது. மற்ற எந்த வெளிச்சமும் விஷம், கதவிடுக்கில் நூலளவு நுழைந்தாலும் ஒரு நோயாளியின் நெஞ்செலும்பு மொத்தமும் கறுத்துப்போகும். யாராவது கதவைத் தட்டினால் அவள் வாய் தானாகக் கத்தும்: “தெறக்காதீங்க, ஃபிலிம் வெளிய இருக்கு!” புளித்த வாடையடிக்கிற மருந்துத் தொட்டியில் கிளிப்பு மாட்டிய ஃபிலிமை ஆட்டி ஆட்டி எடுக்கையில் சிவப்பு மங்கலில் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பு எழுந்து வரும். அந்த வேளை அவளுக்குப் பிடிக்கும், யாரும் உள்ளே வர முடியாத வேளை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஃபிலிம் போயிற்று, இருட்டறையில் பழைய ஸ்ட்ரெச்சர்களைப் போட்டுப் பூட்டினார்கள், அவளை வெளி நோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அங்கே ட்யூப் லைட் கண்ணைக் குத்துகிறது. ஆக, இருட்டறை வேலையில் இருந்த அந்த நாளில் ஆமையை ஒளிக்க வேண்டும் என்று வந்தபோது அவள் மூளை வேறெங்கும் ஓடவில்லை. மர அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, கறுப்புத் துணி அடித்து, சிவப்புப் பெயிண்ட் பூசிய பல்பை மாட்டி, இரவும் பகலும் அணைக்காமல் விட்டாள். வெளியே தெரியாத வெளிச்சம், யாருக்கும் கெடுதல் செய்யாத வெளிச்சம். அப்புறமும் மனசு அடங்காமல், ஆஸ்பத்திரியில் வீணாகிப்போன ஃபிலிம்களைக் கொண்டுவந்து ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒட்டினாள். கேட்டவர்களிடம் வெயில் கூசுகிறது என்று சொன்னாள். குன்னூரில், வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கிற தெருவில், வெயில் கூசுகிறதாம். என்ன பொய் அது! நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. ஆனால் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ரங்கராஜ் பெண்டாட்டி பிரேமா மட்டும் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில், “வெயிலு நல்லதுதானுங்களே அக்கா” என்றாள். அதற்கு என்ன அர்த்தம்? அர்த்தமே இல்லையா? இல்லாமலா அப்படி ஒரு பார்வை பார்த்தாள்?

போன் அடித்தது. வேல்ச்சாமி.

“என்ன செய்யுத?”

“சும்மாதான் இருக்கேன்.”

“தாசில்தார் எப்படி இருக்காரு?”

“அவரு ரூம்ல லைட்டு போயிருச்சு. கரண்டு இருக்கு, பல்புதான்.”

பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். அவன் நகர்ந்து வருவது தெரிந்தது, குரல் தணிந்தது. “அந்தக் கறுப்பு வெங்காயத்த மாட்டிராத, சொல்லிட்டேன். காஞ்ச மரம், காஞ்ச புல்லு, மேல்தட்டுல பூராவும் துணி. நான் எத்தன தீயப் பாத்தவன்? தீ சொல்லிட்டா வருது?”

“நீங்க வாறதுக்கு விடிஞ்சிரும். அதுவர குளுருல கெடக்கவா?”

“அப்ப அந்த வெள்ள லைட்டப் போடேன்.”

“அது வெளிய தெரியுமே.”

“ஆமா,” என்றான் வேல்ச்சாமி. “அது வெளிய தெரியும்.” பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

எத்தனை தீயைப் பார்த்தவன். பார்த்தவன்தான். தீப்பெட்டி ஆபீசில் குச்சி முக்குகிற இடத்தில் நின்றவன், கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் முகத்தில் பாதி இல்லாமல் வீடு திரும்பியதைப் பார்த்தவன். அதனால்தான் கம்பெனி மூடியதும் நெருப்பே வேண்டாம், பச்சை இலையோடு கிடப்போம் என்று மலையேறினான். வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினால்கூட அது அணைகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் தீயைப் பார்த்துப் பயப்படுகிறான், அவள் வெளிச்சத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள், இரண்டு பயத்துக்கும் நடுவில் ஓர் ஆமை. சிரிப்பு வருகிற சங்கதிதான், சிரிப்பு வரவில்லை. பெட்டிகளை வாங்கிய மேட்டுப்பாளையத்து வளர்ப்புமீன் கடைக்காரரும் சொன்னாரே. கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, கறுப்பு உருண்டையை உள்ளங்கையில் உருட்டியபடி, “இதுல வெளிச்சமே வராதுங்க. எரியுதா இல்லியான்னு தொட்டுப் பாத்துறாதீங்க, தோலு கையோட வந்துரும். பிளாஸ்டிக் ஹோல்டர்ல போட்டீங்கன்னா உருகிப்போகும், பீங்கான் ஹோல்டர்தான். சுத்தி வல கட்டோணும். புல்லு, துணி ஒண்ணும் கிட்ட இருக்கப்படாது” என்றார். எரிவது தெரியாமல் எரிகிற ஒன்றை மூடிய அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தூங்குவதா? ஆனால் வெளியே தெரியாது. தெரியாது, அதுதானே வேண்டும்? “எந்த ஆமைங்க?” என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். “தண்ணி ஆமை” என்று அவள் வாய் முந்திக்கொண்டது. அவர் ஒரு விநாடி பார்த்தார். “தண்ணி ஆமைக்குப் புல்லு எதுக்குங்க?” அவள் புல்லைப் பற்றிப் பேசவே இல்லையே, அவர்தானே சொன்னார்! இல்லை, அவள்தான் முதலில், புல்லுக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று… அவர் அதற்குமேல் துருவவில்லை. கீழே குனிந்து அந்த வெள்ளை விளக்கை எடுத்து வைத்தார். “எந்த ஆமையா இருந்தாலும் எலும்பும் ஓடும் புடிக்கோணும்னா இதுதானுங்க. வெயிலு மாதிரி. பகல்ல போடோணும், ராத்திரி அணைச்சுரோணும், அதுவும் தூங்கோணுமல்லங்க. ஒரு மொழம் மேல, ஒரு ஓரமா. வேண்டாம்னா அது தள்ளிப் போக எடம் விடோணும். கண்ணாடி குறுக்க இருந்தா பிரயோசனமில்லீங்க, ஜன்னல் வெயிலே ஆனாலும் கண்ணாடியத் தெறந்துதான் காட்டோணும்.” தெறந்துதான். அந்த வார்த்தை பஸ்ஸில் மலையேறுகிற வழியெல்லாம் வளைவுக்கு வளைவு திரும்பி வந்தது. பகலில் போட வேண்டும், ராத்திரி அணைக்க வேண்டும். அவள் சிவப்பை அணைத்ததே இல்லை. அலமாரிக்குள் இத்தனை காலமும் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, மங்கலாக ஒரே ஒரு வேளை, இருட்டறையில் எலும்பு எழுந்து வருவதற்கு முந்தைய வேளை.

யோசித்தே மதியம் போய்ச் சாயங்காலம் இறங்கத் தொடங்கியபோது தரையில் உட்கார்ந்து அலமாரிக்குள் கையை விட்டாள். புல் மட்டும் பட்டது. இன்னும் உள்ளே. பின்பலகை ஓரமாக, குளிர்ந்துபோய், இருந்தது. வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடை குறைந்திருக்கிறதா, அவள் கைதான் பயத்தில் அப்படி நினைக்கிறதா? தலை உள்ளே. முன்கால் இரண்டும் கதவு சாத்தின மாதிரி மூடிக் கிடந்தன. “தாசில்தாரே,” என்றாள். “ஏய், என்னைப் பாரு.” பெருவிரலால் முதுகை அழுத்தினாள், செல்லமாகத்தான், எப்போதும் அழுத்துகிற மாதிரி. ஓடு உள்ளே போயிற்று. கொஞ்சம்தான், பழுக்கத் தொடங்கிய கொய்யாவை அழுத்தினால் போகிற அளவு. விரலை எடுத்தாள், மேலே வந்தது. மறுபடி அழுத்தத் தைரியம் வரவில்லை. மறுபடி அழுத்தாவிட்டால் முதலில் அழுத்தியது பொய்யாகிவிடும் என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினாள். கல் மாதிரி இருந்த ஓடு. ஊரைக் காலி செய்து மலைக்கு வண்டியேறிய அன்று எட்டயபுரம் ரோட்டில், லாரி வருவது தெரியாமல் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்ததை அவள்தான் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடித் தூக்கினாள். வெயிலில் கொதித்துக் கிடந்தது, கை பொறுக்கவில்லை, முந்தானையில் சுற்றித்தான் எடுத்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டிருக்கலாம். நாலு எட்டு. அந்தப் பக்கம் காடு, கருவேலம், அதன் வீடு. காப்பாற்றிவிட்டேன், காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோஷத்தில் கூடைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். லாரியிலிருந்து காப்பாற்றியது சரி. வெயிலிலிருந்து யார் காப்பாற்றச் சொன்னார்கள்?

பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஜன்னலின் கீழ்மூலையைப் பார்த்தாள். மற்ற ஃபிலிம்களெல்லாம் சுத்தக் கறுப்பு, அந்த ஒன்று மட்டும் அப்படியில்லை. வெளியே கொஞ்சம் வெளுப்பு மிச்சமிருக்கிற இந்த நேரத்தில் அதில் ஒரு சின்னக் கை தெரியும். யார் குழந்தையோ. அசைந்துவிட்டது, படம் கலங்கிவிட்டது, இன்னொன்று எடுத்தார்கள், கலங்கியது குப்பைக்குப் போகாமல் இவள் வீட்டு ஜன்னலுக்கு வந்தது. ஈரத்தோடு அவள் அதைத் தூக்கிப் பிடித்த அன்றே, நான்தான் சரியாகக் கழுவவில்லை, மருந்தின் வீரியம் செத்துவிட்டது என்று பயந்தாள், எலும்பு அவ்வளவு மங்கல். மணிக்கட்டில் எலும்பின் நுனி கூராக முடியாமல் கிண்ணம் மாதிரி குழிந்து, ஓரம் பிய்ந்து கிடந்தது. மருந்தில் குறையில்லை. டாக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தாயைத் திட்டினார். “பிள்ளைய வெயில்லயே விடமாட்டீங்களாம்மா?” என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “நாலு கண்ணு பாக்குற எடம் சார், அதான் வெளிய கொண்டுபோறதில்ல” என்றாள். அன்றைக்கு செண்பகவல்லிக்கு அவள்மேல் என்ன கோபம் வந்தது! படிக்காத ஜென்மம், கண் படும் என்று பயந்து பெற்ற பிள்ளையின் எலும்பைக் கரைத்திருக்கிறாள் என்று சாப்பாட்டு வேளையில் எல்லோரிடமும் சொன்னாள். சொல்லிவிட்டு அந்த ஃபிலிமைச் சுருட்டிக் கொண்டுவந்து இங்கே ஒட்டினாள். ஒட்டி, தினமும் பார்த்தாள். தினமும். மடியில் ஆமை ஒரு பக்கமாகச் சரிந்தது, தாங்கிக்கொண்டாள்.

ஆனால் சாதுவாகத்தானே இருந்தது, அதனால்தானே தோன்றவில்லை. ஆரம்பத்தில் என்ன பாடு படுத்தியது. விடிந்தால் போதும், அலமாரியின் பின்பலகையில் ஓட்டால் இடிக்கும், டொக், கொஞ்சம் பொறுத்து டொக், அந்தப் பலகை ஒட்டி நிற்பது ரங்கராஜ் வீட்டுச் சுவரில். அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். பழைய புடவையை மடித்து அடைத்துப் பார்த்தாள், புடவையை மிதித்துக்கொண்டு இடித்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். தேங்காய் உடைக்கிற மாதிரி, ஆணி அடிக்கிற மாதிரி அவளும் இந்தப் பக்கம் எதையாவது தட்டிக்கொண்டிருப்பாள், கேட்பவனுக்கு எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கட்டும் என்று. இப்போது அந்தத் தொல்லையில்லை. அடங்கிவிட்டது, பழகிவிட்டது, வயசாகிறதில்லையா? வேல்ச்சாமிகூட, தாசில்தார் ரிட்டயர் ஆயிட்டாரு என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். வெளியே மேகம் இறங்கிவிட்டது, சின்னக் கை ஜன்னலில் மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்துவிடும். கறுப்பை மாட்டலாம். பீங்கான் ஹோல்டரும் வலையும் வாங்கியாயிற்று, துணியை எடுத்துவிடலாம், விடிய விடிய பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், வேல்ச்சாமி ஊதுபத்திக்கு உட்காருகிற மாதிரி. சூடு இருக்கும், யாருக்கும் தெரியாது, நாளைக்கு வேறு வழி பார்க்கலாம். நாளைக்கு. சூடு எலும்பைத் தராது. அந்தக் குழந்தைக்குக் கம்பளி போர்த்தாமலா வைத்திருந்தாள் அதன் தாய்? அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். ஆமையை ஜன்னலோரத் தரையில் புல்லைப் பரப்பி விட்டாள், முழம் போட்டு அளந்து நாற்காலி முதுகில் வெள்ளை விளக்கைக் கட்டினாள், இழுத்து அசைத்துப் பார்த்தாள், விழாது. ஒயரைச் சொருகினாள். சுவிட்சில் விரல் வைத்தபோது கீழே வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது. விரல் அப்படியே நின்றது. ஜீப் ஏறி வந்தது, வாசலில் நின்றது, உறுமி அணைந்தது. கதவு சாத்துகிற சத்தம். அவன் வீட்டுக்குள் போகட்டும், போய்விடட்டும், பிறகு போடலாம். அழுத்தினால் உள்ளே போகிற ஓடு விரல்நுனியில் மறுபடி தெரிந்தது. போட்டாள்.

அறை முழுக்க வெளுத்தது. மூலையில் ஒட்டடை, சுவரில் ஈரம், அவள் கை நரம்பு, எல்லாம் தெரிந்தது. இத்தனை காலம் சிவப்பில் ஒரே கறுப்பாகக் கிடந்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் அழுக்கேறிப்போய், கட்டங்கள் கோணலாகத் துருத்திக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கையில் மூடியிருந்த முன்கால் ஒன்று மெல்ல விலகியது, வீங்கி ஒட்டிப்போன கண்களோடு தலை கொஞ்சம் வெளியே வந்து விளக்கின் பக்கம் நீண்டது. அப்போது கதவு தட்டப்பட்டது.

தெறக்காதீங்க என்று கத்த வாய் திறந்தது. அதற்குள் வெளியிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, நான்தானுங்க, ரங்கராஜு.”

அணைக்கலாம். அணைத்து என்ன செய்ய, ஜன்னல் ஓரமெல்லாம் வெள்ளையாகக் கசிந்து தெருவரைக்கும் போயிருக்கும். ஜெயில் எந்த ஊரில் இருக்கும், வேல்ச்சாமியையும் சேர்த்துக் கொண்டுபோவார்களா, ஆமையை எங்கே கொண்டுபோவார்கள், அதற்கு இந்த விளக்கைப் போடுவார்களா, போடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும், ஒரு முழம் மேலே என்று சொல்லிவிட வேண்டும். தாழ்ப்பாளை எடுத்தாள். காக்கிச் சட்டைக்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு ரங்கராஜ் நின்றான். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பெரிய முருங்கைக்கீரைக் கட்டு. அவன் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போய், விளக்கின் கீழே ஒரு கணம் நின்று, திரும்பி வந்தது. முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

“கீழ இருந்து வர்றப்ப வாங்கியாந்தனுங்க. முருங்கைல சுண்ணாம்புச் சத்து சாஸ்தி, அது தின்னும். பிரேமாதான் ஒரே நச்சரிப்பு, போய்க் கேட்டுட்டு வாங்க, கேட்டுட்டு வாங்கன்னு. நம்ம ஆமை நல்லா இருக்குதுங்களா?”

நம்ம ஆமை. அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க குடிவந்த வருசமே தெரியுமுங்க. காட்டுல கேட்ட சத்தமல்லங்க. வெளிய வெயிலு ஏறுனா செவுத்துல தட்டும், வெயிலு எறங்குனா நிறுத்திக்கும். பொட்டிக்குள்ள இருந்துக்கிட்டு அதுக்கு எப்படித்தான் தெரியுமோ! அந்தச் சத்தங் கேட்டுத்தான் பிரேமா துணி காயப்போடுவா.” கீரைக்கட்டை அவள் கையில் வைத்தான். “இப்பக் கொஞ்ச நாளாச் சத்தமே இல்லீங்க. அதான் அவளுக்குப் பொறுக்கல.”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆமை நீட்டிய தலையை நீட்டியபடியே வெளிச்சத்தில் கிடந்தது. சத்தம் எந்த நாளில் நின்றது? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். அவள் எவ்வளவு யோசித்துப் பார்த்தும், என்றோ ஒரு காலையில் ரேடியோவை நிறுத்திவிட்டு, அப்பாடா, இன்றைக்கு நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.